எத்தனால் மன்னித்தது, பெட்ரோல் மன்னிக்கவில்லை

என் டர்போ வண்டி முதன்முதலில் நாக் செய்ததற்கு, அதாவது சிலிண்டருக்குள் எரிபொருள் கட்டுப்பாடின்றித் தானாகவே வெடித்து எஞ்சினைத் தட்டியதற்கு, காரணம் ஒரு சின்னஞ்சிறு சுவிட்ச். ஸ்டீயரிங்குக்குக் கீழே நானே துளையிட்டுப் பொருத்தியது. மேலே தள்ளினால் பெட்ரோல் மேப், கீழே தள்ளினால் எத்தனால் மேப். மேப் என்றால் எவ்வளவு எரிபொருள், எப்போது தீப்பொறி என்று எஞ்சினுக்குச் சொல்லும் அட்டவணை. இரண்டு வாரம் எத்தனால் கலவையில் ஓட்டிய பிறகு, டேங்கில் மூன்றில் ஒரு பங்கு மிச்சம் இருந்தபோது பெட்ரோலை நிரப்பினேன். சுவிட்சை மறந்துவிட்டேன். மேடேறும் சாலையில் மூன்றாம் கியரில் ஆக்சிலரேட்டரை முழுவதும் அழுத்தியதும், தகர டப்பாவில் கூழாங்கல்லைப் போட்டுக் குலுக்கியது போல ஒரு சத்தம். உடனே காலை எடுத்தேன். அது ஒரு வினாடிகூட நீடித்திருக்காது. வீட்டுக்கு வந்து ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றினால், மூன்றாவது சிலிண்டரின் பிளக்கில் வெள்ளைப் பீங்கான்மேல் பொடிப்பொடியாக ஏதோ மினுமினுத்தது. அலுமினியம். அதாவது, என் பிஸ்டன்.

சத்தத்தைவிட என்னை உறுத்தியது வேறொன்று. பம்பிலிருந்து அந்த மேடு வரை பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் வண்டி அருமையாக ஓடியது. இழுவையில் தயக்கம் இல்லை, புகை இல்லை, எச்சரிக்கை விளக்கும் இல்லை. எஞ்சினின் ஓட்டத்தைப் பதிவுசெய்த லாக் கோப்பைத் திறந்து பார்த்த பிறகுதான் காரணம் புரிந்தது. புகைக்குழாயில் இருக்கும் லாம்டா சென்சாரை வைத்து, காற்றும் எரிபொருளும் சேர்ந்த கலவையைத் தானே திருத்திக்கொள்ள இ.சி.யு.வுக்கு (எஞ்சினை இயக்கும் கணினி) 25 சதவீதம் வரை நான் அனுமதி கொடுத்திருந்தேன். எத்தனால் மேப் தேவைக்கு மேல் எரிபொருளை ஊற்றியது, இ.சி.யு. சத்தமில்லாமல் 17 சதவீதத்தைக் குறைத்துச் சரிக்கட்டிவிட்டது. கலவை சரியாகிவிட்டது. ஆனால் தீப்பொறியின் நேரமும் டர்போ தரும் காற்றழுத்தமான பூஸ்ட்டும் எத்தனாலுக்கு உரிய அளவிலேயே நின்றன. லாம்டா திருத்தத்துக்கு அவற்றைத் தொடும் அதிகாரம் இல்லை. அந்தத் திருத்தம் மட்டும் இல்லாமல் இருந்திருந்தால் வண்டி முதல் கிலோமீட்டரிலேயே திணறி, என் தவறைக் காட்டிக்கொடுத்திருக்கும்.

இரண்டு எரிபொருளுக்கும் ஓடும் டர்போ வண்டியை டியூன் செய்ய நினைப்பவர்களிடம் நான் முதலில் சொல்வது இதைத்தான். ஒவ்வொரு எரிபொருளும் தனியாக இருக்கும்போது பெரிய தொல்லை தருவதில்லை. ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாறும் வேளையில்தான் வண்டி அடிவாங்குகிறது. சுவிட்சை அன்றே கழற்றி எறிந்தேன். துளை இன்னும் இருக்கிறது.

எத்தனால் ஏன் டர்போவுக்கு இவ்வளவு பொருந்துகிறது என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நாக்கைத் தாங்கும் திறனைக் காட்டும் அதன் ஆக்டேன் எண், ஆர்.ஓ.என். என்ற அளவுமுறையில் ஏறத்தாழ 108. ஆவியாகும்போது அது உறிஞ்சும் வெப்பம், எடைக்கு எடை பெட்ரோல் உறிஞ்சுவதைப் போல இரண்டு மடங்குக்கும் மேல். டர்போ சூடாக்கி அனுப்பும் காற்றை சிலிண்டரின் வாசலிலேயே குளிர வைக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். குறை என்னவென்றால் அது நிறையச் செலவாகும். ஒரு கிலோ பெட்ரோலை முழுமையாக எரிக்க 14.7 கிலோ காற்று வேண்டும். எத்தனாலுக்கு 9 கிலோவே போதும். அதே காற்றுக்கு அதிக எரிபொருளை ஊற்ற வேண்டும் என்பதே இதன் மறுபக்கம். தூய பெட்ரோலிலிருந்து உண்மையான 85 சதவீதக் கலவைக்குப் போனால், கொள்ளளவில் ஏறத்தாழ 40 சதவீதம் கூடுதலாகத் தேவைப்படும். என் வண்டியில் 30 சொச்சம்தான் கூடியது. என் டியூனிங் திறமை என்று சில நாள் பெருமைப்பட்டேன். பிறகு அளந்து பார்த்தால், இ85 என்று வாங்கியதில் எத்தனால் 72 சதவீதம்தான் இருந்தது.

அளப்பது எளிது. 100 மில்லி அளவுகோடிட்ட கண்ணாடிக் குழாயில் 50 மில்லி நீர், 50 மில்லி எரிபொருள். மூடிக் குலுக்கிச் சற்று நேரம் வைத்தால் எத்தனால் முழுவதும் நீரோடு சேர்ந்து கீழே போய்விடும். பெட்ரோல் மேலே மிதக்கும். பிரியும் கோடு 50இலிருந்து 86க்கு ஏறினால், எரிபொருளில் இருந்த எத்தனால் 36 மில்லி, அதாவது 72 சதவீதம். நீரும் எத்தனாலும் கலக்கும்போது கொள்ளளவு கொஞ்சம் சுருங்கும் என்பதால் உண்மை ஓரிரு சதவீதம் கூடுதலாக இருக்கலாம். இதில் ஏமாற்று எதுவும் இல்லை. அமெரிக்கத் தரநிலையே இந்த வகை எரிபொருளில் 51 முதல் 83 சதவீதம் வரை எத்தனால் இருக்க இடம் தருகிறது. குளிர்காலத்தில் வண்டி கிளம்ப வேண்டுமே என்று பெட்ரோலைக் கூட்டுவார்கள். ஆகவே 85 என்ற எண்ணை நம்பி ஒரு மேப்பும், பூஜ்யம் என்ற எண்ணை நம்பி இன்னொரு மேப்பும் போட்டு நடுவில் சுவிட்ச் வைப்பது, இரண்டு பொய்களுக்கு இடையில் பாலம் கட்டுவது போல.

எனவே எத்தனால் சென்சார் வாங்கினேன். எரிபொருள் குழாயில் பொருத்தும் இந்தச் சிறு பெட்டி, எரிபொருளின் மின்காப்பு மாறிலியை (மின்னாற்றலைத் தேக்கும் தன்மையைக் காட்டும் எண்) அளக்கிறது. பெட்ரோலுக்கு அது ஏறத்தாழ 2, எத்தனாலுக்கு 24க்கு மேல்; இவ்வளவு இடைவெளி இருப்பதால் அளப்பது சுலபம். பரவலாகக் கிடைக்கும் வகை, எத்தனால் பூஜ்யம் என்றால் 50 ஹெர்ட்ஸ், முழு எத்தனால் என்றால் 150 ஹெர்ட்ஸ் என்று அலைவெண்ணாகச் சொல்லும். 50ஐக் கழித்தால் சதவீதம். துடிப்பின் அகலம் எரிபொருளின் வெப்பநிலையைச் சொல்லும். பொருத்திய முதல் நாள் முழுவதும் எனக்கு ஒன்றுமே வரவில்லை. சென்சார் பழுது என்று முடிவுகட்டித் திருப்பி அனுப்பப் பெட்டியில்கூட வைத்துவிட்டேன். சிக்னல் கம்பியை ஒரு மின்தடை வழியே 5 வோல்ட்டுடன் இணைத்தால்தான் துடிப்பு எழும் என்பதை அன்றிரவு இ.சி.யு.வின் கையேட்டைப் படித்துத் தெரிந்துகொண்டேன். சில இ.சி.யு.க்களில் அது உள்ளேயே இருக்கும், என்னுடையதில் இல்லை.

சென்சார் இல்லாமலும் இதைச் செய்யலாம். பெட்ரோல், எத்தனால் இரண்டிலும் ஓடும் பிரேசிலின் ஃப்ளெக்ஸ் கார்கள் பலவும் லாம்டா சென்சாரைக் கொண்டே கலவையைக் கணித்துக்கொள்கின்றன. அவற்றின் மென்பொருள், டேங்க் நிரப்பப்பட்டதைக் கவனித்து, கற்றுக்கொள்ளும் வரை அடக்கமாக ஓட்டும். என் சுவிட்ச் வண்டியும் ஒரு வகையில் அதையே செய்தது. அடக்கம் மட்டும்தான் இல்லை.

அடுத்து இன்ஜெக்டர், அதாவது எஞ்சினுக்கு எரிபொருளைத் தெளிக்கும் வால்வு. என் இரண்டு லிட்டர் எஞ்சினில் நிமிடத்துக்கு 550 சிசி இன்ஜெக்டர்கள் இருந்தன. பெட்ரோலில் உச்ச சக்தியின்போது அவை 80 சதவீத நேரம் திறந்திருந்தன. அதே காற்றுக்கு எத்தனால் ஊற்ற வேண்டுமானால் 100 சதவீதத்தைத் தாண்டும். அப்படி ஒரு சதவீதம் கிடையாது. 1000 சிசி போட்டேன். உச்சத்தில் பிரச்சினை தீர்ந்தது, ஐடிலில் (வண்டி நின்றபடி எஞ்சின் மெதுவாக ஓடும் நிலை) தொடங்கியது.

இதை விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் எனக்கு மூன்று வாரம் தின்ற கோளாறு இது. எத்தனால் கலவையில் ஐடில் கடிகாரம் போல நின்றது. பெட்ரோலில் மேலும் கீழுமாக அலைந்தது. லாம்டா திருத்தம் 14 சதவீதம் வரை போனது. எத்தனாலில் 10. வேகமாகப் போகும்போது இரண்டிலும் திருத்தம் ஏறத்தாழ பூஜ்யம். எத்தனால் சதவீதத்துக்கான பெருக்கெண்தான் தவறு என்று நினைத்து அதையே திரும்பத் திரும்ப மாற்றினேன். ஐடில் சரியானால் ஓட்டம் கெட்டது. ஓட்டம் சரியானால் ஐடில்.

விடை இன்ஜெக்டரின் தாமத நேரத்தில் இருந்தது. மின்சாரம் வந்தவுடன் இன்ஜெக்டர் திறந்துவிடாது. ஏறத்தாழ ஒரு மில்லிவினாடி எடுத்துக்கொள்ளும். பேட்டரி மின்னழுத்தம் குறைந்தால் இன்னும் அதிகம். அந்த நேரத்தை நான் 0.1 மில்லிவினாடி தவறாகக் கொடுத்திருந்தேன். பெரிய இன்ஜெக்டர் ஐடிலில் பெட்ரோலுக்கு உண்மையில் திறந்திருப்பதே 0.7 மில்லிவினாடிதான், அதில் 0.1 தவறினால் 14 சதவீதம். எத்தனாலுக்கு ஒரு மில்லிவினாடி திறந்திருப்பதால் அதே தவறு 10 சதவீதமாகச் சுருங்குகிறது. வேகத்தில் பத்து மில்லிவினாடி திறக்கும்போது காணாமலே போகிறது. அன்றிலிருந்து இப்படித்தான் பார்க்கிறேன்: எல்லா வேகத்திலும் ஒரே அளவு பிழை, எரிபொருள் மாறும்போது மட்டும் வருகிறது என்றால் கலவைக் கணக்கு தவறு, ஐடிலில் மட்டும், பெட்ரோலில் அதிகமாக வருகிறது என்றால் தாமத நேரம் தவறு. பெட்ரோல் மேப் சுத்தமாகும் வரை எத்தனால் பக்கமே போகக் கூடாது என்று அப்போதுதான் விதி வகுத்துக்கொண்டேன். எத்தனால் தவறுகளை மூடிவைக்கும். அதன்மேல் கட்டிய பெட்ரோல் மேப்பில் அவை அத்தனையும் வெளியே வரும்.

மீட்டரைப் பற்றி ஒரு சிறு செய்தி. காற்று-எரிபொருள் விகிதமாகக் காட்டும் மீட்டர் வைத்திருந்தால், அதை லாம்டாவுக்கு மாற்றிவிடுங்கள். சென்சார் உண்மையில் அளப்பது லாம்டாவைத்தான், அதாவது எரிக்கத் தேவையான காற்றைப் போல எத்தனை மடங்கு காற்று இருக்கிறது என்பதை. மீட்டர் அதை 14.7ஆல் பெருக்கிக் காட்டுகிறது. எத்தனால் நிரப்பினாலும் அது 14.7 என்றே காட்டும். எத்தனாலுக்கு 9 அல்லவா வர வேண்டும், இவ்வளவு எரிபொருள் குறைகிறதே என்று பதறி எரிபொருளைக் கூட்டியவர்களில் நானும் ஒருவன். லாம்டாவில் 1 என்பது எந்த எரிபொருளுக்கும் 1.

பம்பில் கோளாறு என்று நினைத்து பம்பை மாற்றியது என் இன்னொரு வீண் செலவு. எத்தனாலுக்கு மாறி மூன்றாவது டேங்கில், நிமிடத்துக்கு 5500 சுழற்சிக்கு மேல் லாம்டா 0.80இலிருந்து 0.90 நோக்கி நழுவியது. புதிய பம்ப் போட்டும் நழுவியது. எரிபொருள் அழுத்தத்துக்கு ஒரு சென்சார் பொருத்தி லாக் எடுத்தேன்: இருக்க வேண்டிய அழுத்தம் அடிப்படை 3 பார், அதோடு பூஸ்ட் 1.4 பார், ஆக 4.4. வந்தது 3.6. ஃபில்டரைக் கழற்றி அறுத்துப் பார்த்தால் உள்ளே கருஞ்சேறு. பல ஆண்டுகள் டேங்கிலும் குழாயிலும் பெட்ரோல் சேர்த்துவைத்த படிவுகளை எத்தனால் கழுவி எடுத்துவந்து அங்கே குவித்திருந்தது. முதல் சில டேங்குகளுக்குப் பின் ஃபில்டரை மாற்றியே ஆக வேண்டும். பம்பின் மின்கம்பியையும் அப்போதுதான் பார்த்தேன். பேட்டரியில் 13.8 வோல்ட், பம்பின் முனையில் 11.6. தனி ரிலே வைத்துத் தடித்த கம்பி இழுத்தேன். பழைய பம்பே போதுமாயிருந்திருக்கும் என்று இப்போது தோன்றுகிறது. எரிபொருள் அழுத்த சென்சாரை எல்லாவற்றுக்கும் முன்பே வாங்கியிருக்க வேண்டும்.

குழாய்களிலும் கவனம் வேண்டும். சாதாரண ரப்பர் குழாய் எத்தனாலில் நாளடைவில் ஊறிக் கெடும். உட்புறம் டெஃப்லான் பூசியவை நிற்கும். பூச்சில்லாத அலுமினியமும் துத்தநாகக் கலவைகளும் அரித்துப்போகும். எரிபொருளைச் சிலிண்டருக்குள்ளேயே தெளிக்கும் நேரடி உட்செலுத்தல் எஞ்சின் வைத்திருப்பவர்களுக்கு வேறு ஒரு வரம்பு இருக்கிறது: தொழிற்சாலையில் வந்த உயரழுத்தப் பம்ப், 30 சதவீத எத்தனாலுக்கு மேல் ஈடுகொடுக்காத வண்டிகள் பல. அவர்கள் அந்த 30இலேயே நின்றுகொள்வது புத்திசாலித்தனம் என்பது என் கருத்து. ஏன் என்று அடுத்துச் சொல்கிறேன்.

எரிபொருளின் அளவு, எத்தனால் சதவீதத்தோடு ஏறக்குறைய நேர்கோட்டில் கூடும். டைமிங்கையும், அதாவது பிஸ்டன் உச்சிக்கு வருவதற்கு எத்தனை டிகிரி முன்பே தீப்பொறி என்பதையும், அப்படியே நேர்கோட்டில் கூட்டுவதுதான் எல்லோரும் முதலில் செய்வது. நானும் செய்தேன். முறுக்குவிசை உச்சத்தில் என் எஞ்சினுக்குப் பெட்ரோலில் 9 டிகிரி, 72 சதவீத எத்தனாலில் 17 டிகிரி. நேர்கோட்டின்படி 36 சதவீதத்தில் 13 டிகிரி வர வேண்டும். டைனோவில் (வண்டியின் சக்தியை அளக்கும் கருவி) வைத்துப் பார்த்தால் அந்தக் கலவை 15ஐக்கூட நாக் இல்லாமல் தாங்கியது. நாக்கைத் தடுக்கும் நன்மையின் பெரும்பகுதி முதல் 30, 40 சதவீதத்திலேயே கிடைத்துவிடுகிறது. அதற்கு மேல் கோடு படுத்துவிடுகிறது. ஆகவே என் கலப்பு அட்டவணையில் எரிபொருளுக்கு ஒரு வளைவு, டைமிங்குக்கு ஒரு வளைவு, பூஸ்ட்டுக்கு ஒரு வளைவு என்று தனித்தனியாக வைத்தேன். பூஸ்ட்டை மட்டும் வேண்டுமென்றே சோம்பேறியாக வைத்திருக்கிறேன்: 50 சதவீதத்தைத் தாண்டும் வரை 1 பாருக்கு மேல் ஏறாது.

இப்போது பயமான பகுதி. பெட்ரோலில் டைமிங்கை முன்தள்ளிக்கொண்டே போனால் ஓரிடத்தில் நாக் வந்து தடுத்துவிடும். அது ஒரு வேலி. எத்தனாலில் அந்த வேலி வெகுதூரத்துக்குப் போய்விடுகிறது; சில எஞ்சின்களில் கண்ணிலேயே படாது. 86 மில்லிமீட்டர் விட்டமுள்ள என் சிலிண்டருக்கு நாக் அலைவெண் ஏறத்தாழ 6.6 கிலோஹெர்ட்ஸ். அதற்கேற்ப அமைத்த சென்சாரோடு, காதொலிக் கருவியும் மாட்டிக்கொண்டு டைனோவில் உட்கார்ந்திருந்தேன். 15இலிருந்து 17 டிகிரிக்குப் போனபோது முறுக்குவிசை கூடியது. 19க்குப் போனேன், நாக் இல்லை. 21, அப்போதும் இல்லை. எனக்கு ஒரே மகிழ்ச்சி. டைனோவை இயக்கிக்கொண்டிருந்தவர்தான் திரையைச் சுட்டிக்காட்டி, “சத்தத்தைக் கேட்டது போதும் சார், கோட்டைப் பாருங்கள்” என்றார். 17க்கு மேல் முறுக்குவிசை ஒரு துளிகூட ஏறவில்லை. 21இல் இறங்கியே இருந்தது. பிஸ்டன் மேலேறி வரும்போதே அழுத்தம் வெகுவாக ஏறி அதைத் திருப்பித் தள்ளுகிறது. அந்தச் சுமையைத் தாங்குவது பிஸ்டனைப் பிடித்திருக்கும் தண்டான கனெக்டிங் ராடு. வளையும்போது அது சத்தம் போடாது. 17இலிருந்தும் ஒரு டிகிரி பின்வாங்கி 16இல் நிறுத்தினேன். டைனோ இல்லாமல், நாக் வரவில்லை என்பதை மட்டுமே நம்பி எத்தனால் டைமிங்கைச் சாலையில் ஏற்றுகிறவர்களைக் கண்டால் எனக்கு இப்போது வயிறு கலங்குகிறது.

எத்தனால் சென்சார் பொய் சொன்னால் என்ன ஆகும் என்பதையும் முன்கூட்டியே முடிவுசெய்ய வேண்டும். நான் கம்பியை ஓடும்போதே பிடுங்கிச் சோதித்தேன், ஐடிலில்தான். சிக்னல் போனாலோ, 50ஐவிடக் குறைந்தாலோ, 150ஐத் தாண்டினாலோ இ.சி.யு. மூன்று காரியம் செய்யும்: எரிபொருளுக்குக் கடைசியாகத் தெரிந்த நம்பகமான சதவீதத்தை வைத்துக்கொள்ளும், டைமிங்குக்கு எத்தனால் பூஜ்யம் என்று எடுத்துக்கொள்ளும், பூஸ்ட்டை, டர்போவின் அழுத்தத்தை மட்டுப்படுத்தும் வேஸ்ட்கேட் வால்வின் ஸ்பிரிங் அனுமதிக்கும் குறைந்த அளவுக்கு இறக்கிவிடும். எல்லாவற்றுக்கும் பூஜ்யம் என்று வைத்தால், டேங்கில் எத்தனால் இருக்கும்போது எரிபொருள் வற்றிப்போகும். எல்லாவற்றுக்கும் கடைசி எண் என்று வைத்தால் என் சுவிட்ச் கதைதான் மறுபடியும். இக்னிஷனை அணைக்கும்போது கடைசிச் சதவீதம் நினைவில் பதிய வேண்டும் என்பதும் முக்கியம். காலையில் சென்சார் விழித்துச் சரியான எண்ணைச் சொல்லும் முன்பே எஞ்சின் கிளம்பியாக வேண்டுமே.

எரிபொருள் நிரப்பிய உடனே விரட்டாதீர்கள். என் சென்சார் டேங்குக்குத் திரும்பும் குழாயில் இருக்கிறது. அதாவது இன்ஜெக்டர்களைக் கடந்து வந்த எரிபொருளைத்தான் அது அளக்கிறது. டேங்கிலும் புதியதும் பழையதும் கலக்கச் சற்று நேரம் ஆகும். பத்து நிமிடம் மெதுவாக ஓட்டினால் எண் ஓரிடத்தில் நிற்கும். நிரப்பியவுடன் வீட்டுக்கு வந்து நிறுத்திவிடுவதும் நல்லதல்ல. குழாயில் ஒன்றும் டேங்கில் வேறொன்றுமாக அடுத்த நாள் கிளப்ப வேண்டியிருக்கும்.

குளிரில் கிளப்புவது தனிக் கலை. பெட்ரோலில் எளிதில் ஆவியாகும் இலகுவான பொருள்கள் உண்டு; எத்தனால் 78 டிகிரியில் கொதிக்கும் ஒற்றைப் பொருள், குளிரில் ஆவியாக மறுக்கும். 8 டிகிரிக் காலையில், 70 சதவீதத்துக்கு மேல் எத்தனால் இருக்கும்போது, பெட்ரோலுக்குத் தருவதைப் போல இரண்டரை மடங்கு ஊற்றினால்தான் என் வண்டி கிளம்புகிறது. மூன்று மடங்கு ஊற்றினால் பிளக் நனைந்து கிளம்பவே கிளம்பாது. இந்த அட்டவணையை ஒரே நாளில் போட முடியாது; எஞ்சின் முழுவதும் ஆற வேண்டும் என்பதால் ஒரு நாளைக்கு ஒரே ஒரு முயற்சிதான். ஒரு குளிர்காலம் முழுவதும் விடியற்காலையில் மடிக்கணினியோடு வண்டியில் உட்கார்ந்திருந்தேன். வீட்டார் அதற்கு ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள், இங்கே எழுத முடியாது. அப்படி ஊற்றியதில் எரியாத பகுதி ஆயிலோடு சேரும். சிறு தூரமே ஓட்டினால் ஆயில் மூடியின் அடியில் மஞ்சள் பசை படியும். ஆயில் நன்கு சூடாகும் அளவுக்கு நீண்ட ஓட்டம் வாரம் ஒரு முறையாவது தருகிறேன். ஆயிலையும் முன்பைவிடச் சீக்கிரம் மாற்றுகிறேன்.

இன்னும் ஒன்று பிடிபடவில்லை. நெடுந்தூரம் ஓட்டி, பதினைந்து நிமிடம் நிறுத்திவிட்டு மறுபடி கிளப்பினால், 72 என்றிருந்த எண் 58க்கு விழுந்து, இருபது வினாடிக்குப் பின் திரும்ப ஏறுகிறது. எஞ்சின் அறையின் சூட்டில் குழாயில் ஆவிக்குமிழ் உண்டாகி சென்சாரைக் குழப்புகிறது என்பது என் ஊகம். இப்போதைக்கு, கிளப்பிய முதல் 30 வினாடிக்கு எண்ணை மாற்றாதே என்று இ.சி.யு.விடம் சொல்லி வைத்திருக்கிறேன். சென்சாரை டர்போவின் பக்கத்திலிருந்து பின்புறத்துக்கு நகர்த்தப் புதிய குழாயை வெட்டி வைத்தாகிவிட்டது. அடுத்த விடுமுறை நாளில் மாட்ட வேண்டும்.